நாமக்கல்காரன் வாங்கிய முட்டை

பரீட்சையில் முட்டை வாங்காதவங்க கை தூக்குங்க பார்ப்போம்! சரி சரி, இறக்கிடுங்க. நான் வாங்கினது கொஞ்சம் ஸ்பெஷல் முட்டை. முட்டை சமைக்கிற பிராக்டிகலில் வாங்கிய முட்டை. அதுவும் எந்த ஊர்க்காரன்? நாமக்கல்!

வருஷம் 2003. சென்னையில் ஒரு கேட்டரிங் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறேன். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். அடுப்பங்கரைக்குத்தானே போறோம், அங்கே எதுக்கு இங்கிலீஷ்னு தைரியமா சேர்ந்தவன். முதல் நாளே பல்பு. வெங்காயத்தை நறுக்குறதுக்கே பத்து ஃபிரெஞ்சுப் பெயர் வச்சிருந்தாங்க.

ஒருநாள் போர்டில் 'எக் குக்கரி' என்று எழுதி, கீழே அஞ்சு அயிட்டம் போட்டார் செஃப். பாயில்டு, ஃப்ரைடு, ஸ்கிராம்பில்டு, ஆம்லெட்... நாலும் தெரிஞ்ச ஆளுங்கதான். அஞ்சாவது, 'போச்டு எக்'. எனக்குத் தெரிஞ்ச ஒரே போச்சிங், யானை போச்சிங். வீரப்பன் உயிரோடு காட்டுக்குள்ளே இருந்த காலம் அது. பேப்பரில் அடிக்கடி வருமே, அந்த வார்த்தை. ராத்திரி ரூமில் டிக்‌ஷனரியைப் புரட்டினால், 'திருட்டுத்தனமாக வேட்டையாடுதல்' என்றுதான் முதலில் கண்ணில் பட்டது. முட்டையை எப்படிய்யா திருட்டுத்தனமா வேட்டையாடுறது?

அப்புறம்தான் தெரிஞ்சது. ஓடு இல்லாமல், எண்ணெய் இல்லாமல், வெறும் வெந்நீரில் முட்டையை உடைச்சு ஊத்தி வேகவைக்கணும். வெள்ளைக்கரு ஒரு பை மாதிரி மஞ்சளைச் சுத்திக்கணும். ஃபிரெஞ்சில் 'போஷ்' என்றால் பை. அதிலிருந்து வந்த பேருதான் இது. வெட்டினால் மஞ்சள் மட்டும் தேன் மாதிரி ஒழுகணும். கேட்க எவ்வளவு சிம்பிள்!

செஃப் செய்து காட்டினப்போ நான் கடைசி வரிசை. முன்னாடி இருபது வெள்ளைத் தொப்பி. நான் பார்த்ததெல்லாம் தொப்பியைத்தான். என் முறை வந்ததும் தண்ணியைத் தளதளன்னு கொதிக்கவிட்டேன். நல்லா வேகணும்ல? ஒரு அடி உயரத்தில் இருந்து முட்டையை உடைச்சு ஊத்தினேன். அடுத்த செகண்ட், சட்டி முழுக்க இடியாப்பம். வெள்ளைக்கரு நூல் நூலா பிரிஞ்சு சுத்துது. மஞ்சள் மட்டும் பெத்தவங்களைத் திருவிழாவில் தொலைச்ச குழந்தை மாதிரி அடியில் தனியா கிடக்குது.

செஃப் வந்தார். கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தார். கரண்டியில் எதுவுமே வரல. நிதானமா கேட்டார், "வேர் ஆர் யூ ஃப்ரம்?"

"நாமக்கல், செஃப்."

மொத்த கிச்சனும் சிரிச்சது. செஃப்கூட சிரிச்சுட்டார். ஜர்னலில் பெரிசா ஒரு முட்டை. பக்கத்தில், 'ரிபீட்'. பொங்கல் லீவு முடிஞ்சு ரெண்டு வாரத்தில் மறுபடி செய்து காட்டணும்.

சிரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் வாரத்தில் எல்லாரும் எழுந்து நின்று அறிமுகம் செய்துகொண்டபோது, "மை ஃபாதர் ஈஸ் இன் பவுல்ட்ரி" என்று நான் சொல்லியிருந்தேன். பொய்யில்லை. அப்பா வேலை பார்க்கிறது கோழிப்பண்ணையில்தான். ஆனால், கேட்டவங்க அதை 'பண்ணை ஓனர்' என்று எடுத்துக்கிட்டாங்க. அன்றிலிருந்து எனக்குப் பேரு 'பண்ணையார்'. நான் திருத்தவே இல்லை. கூப்பிடும்போது நல்லாத்தான் இருந்தது.

அப்பா பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். காலையிலும் மத்தியானமும் கூண்டு வரிசைகளுக்கு நடுவே தள்ளுவண்டியோடு நடந்து, உருண்டு வந்து நிற்கிற முட்டைகளை எடுத்து அட்டையில் அடுக்கணும். ஒரு அட்டைக்கு முப்பது முட்டை. சாயங்காலம் லாரியில் ஏத்தணும். கீறல் விழுந்த முட்டை லாரியில் ஏறாது, வழியிலேயே ஒழுகி மத்ததையும் கெடுத்துடும். அது வேலைக்காரங்களுக்கு மலிவு விலையில் வரும். எங்க வீட்டில் நாங்க சாப்பிட்டு வளர்ந்த முட்டை எல்லாமே அந்தக் கீறல் முட்டைதான். என் ஃபீஸ் இந்த வேலையிலிருந்தும், அம்மா சீட்டு கட்டி எடுத்த காசிலிருந்தும் வந்தது. அந்த ஃபீஸ்ல ஒரு பாகத்துக்குத்தான் நான் முட்டை வாங்கியிருந்தேன்.

ரூமில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வச்சுக்கிட்டு ப்ராக்டிஸ் ஆரம்பிச்சேன். நாங்க மூணு பேர். மளிகைக் கடையில் முட்டை வாங்கி வாங்கி ஊத்தினதில் வரிசையா எல்லாமே இடியாப்பம். ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் அதை வடிச்சு, மிளகுத்தூள் போட்டுச் சாப்பிட்டே ரெண்டு சுற்றுப் பெருத்துட்டாங்க. "விடு பண்ணையார், நீ ஃபெயிலானா நாங்க ஹெல்த்தி" என்று ஆறுதல் வேற.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் வீட்டில் முட்டைக் குழம்பு. நீங்க நினைக்கிற அவிச்ச முட்டைக் குழம்பு இல்லை. கீறல் முட்டையை அவிக்க முடியாது, வெந்நீரில் போட்டதும் கீறல் வழியா வெளியே வந்துடும். அதனால் எங்க வீட்டில் எப்பவும் உடைச்சு ஊத்துன குழம்புதான். சின்ன வயசில் இருந்து ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்னிக்கு ஏனோ அடுப்புப் பக்கமே நின்னேன்.

புளிக்குழம்பு கொதிச்சு கெட்டியானதும் அம்மா தீயைக் குறைச்சார். ஒவ்வொரு முட்டையா குழிக்கரண்டியில் உடைச்சார். கரண்டியைக் குழம்பு வரைக்கும் இறக்கி, ஒரு ஓரமா சாய்ச்சு மெல்ல நழுவ விட்டார். அடுத்தது இன்னொரு ஓரம். மூடியைப் போட்டார்.

"அம்மா, கிண்ட வேண்டாமா?"

"முட்டை ஊத்துன பொறவு கரண்டியத் தொடக்கூடாது கண்ணு. அதும் பாட்டுக்குக் கெடக்கோணும்."

அஞ்சாறு நிமிஷம் கழிச்சு மூடியைத் திறந்தால், குழம்புக்குள் வட்ட வட்டமா, பை பையா... போச்டு எக்! ஃபிரெஞ்சுப் பேர் தெரியாமல் எங்கம்மா இருபது வருஷமா அதைத்தான் செய்துகிட்டு இருக்கார். ஒரே வித்தியாசம், மஞ்சள் வரைக்கும் கெட்டியா வேகவிடுவார். அது சரியும்கூட. கீறல் வழியா கிருமி உள்ளே போக வாய்ப்பு உண்டு. கீறல் முட்டையை எப்பவும் முழுசா வேகவச்சுத்தான் சாப்பிடணும்.

அப்பவே ஒரு சட்டியில் வெறும் தண்ணி வச்சேன். அம்மா செய்த மாதிரியே தீயைக் குறைச்சு, கரண்டியில் உடைச்சு, நழுவ விட்டேன். கலையவே இல்லை! மூணு நிமிஷத்தில் வெள்ளை வெளேர்னு ஒரு பை. நான் குதிச்ச குதியில் பக்கத்து வீட்டு நாய் குரைச்சது. அம்மா எட்டிப் பார்த்து, "ஏஞ்சாமி, வெறுந்தண்ணியில எதுக்கு ஊத்துனே? உப்பு புளி ஒண்ணும் வேண்டாமா?" என்றார். இதுக்காகவா இவனை அவ்வளவு தூரம் அனுப்பினோம் என்கிற கவலை அந்தக் குரலில் நல்லாவே கேட்டது.

வித்தை கைக்கு வந்தாச்சு. அப்பா காசு குடுத்து ஒரு அட்டை நல்ல முட்டை வாங்கித் தந்தார். மடியில் வச்சு, பஸ்ஸில் ராத்திரி முழுக்கத் தூங்காமல், சென்னை வரைக்கும் ஒரு முட்டைகூட உடையாமல் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வச்சேன். ரிபீட் பிராக்டிகலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். நம்மகிட்டதான் வித்தை இருக்கே, கடைசி நாள் ராத்திரி ஒரு ரிகர்சல் பார்த்தால் போதும்னு விட்டுட்டேன்.

கடைசி நாள் ராத்திரி ஊத்தினேன். இடியாப்பம்.

இன்னொண்ணு. இடியாப்பம். அதே கை, அதே குழிக்கரண்டி, அதே பண்ணை முட்டை. எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. ரூம்மேட் ஒருத்தன் புதுசா நோக்கியா செல்போன் வாங்கியிருந்தான். "ஒரே நிமிஷம்டா" என்று வாங்கி எங்க தெரு மளிகைக் கடைக்குப் போன் போட்டு, அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். திரும்பப் போட்டப்போ அப்பா லைனில் இருந்தார்.

"அப்பா, நம்மூரு முட்டைதானுங்கப்பா. அங்க நல்லா வந்துச்சு, இங்க கலைஞ்சு போவுது."

"எடுத்துட்டுப் போயி எத்தன நாளாச்சு?"

"பன்னண்டு நாளுங்க."

"எங்க வச்சிருந்தே?"

"கட்டுலுக்கு அடியில."

அப்பா சிரிச்சார். "நம்மூரு முட்டைன்னா பழசாகாதா கண்ணு? அது படுத்துருக்கும். ஒரு தட்டுல ஒடச்சு ஊத்திப் பாரு. புது முட்டைன்னா மஞ்சளச் சுத்தி வெள்ள மேடு கட்டி நிக்கும். பழசு தண்ணியாட்டம் ஓடும்."

இதைப் பிறகு புத்தகத்தில் படிச்சேன். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண் துளைகள் இருக்கு. முட்டை இட்ட நேரத்தில் இருந்து அது வழியா உள்ளே இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கிட்டே இருக்கும். வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறும். கெட்டியான வெள்ளை கொஞ்சம் கொஞ்சமா நீர்த்துப் போகும். வெயில் காலத்தில், கட்டிலுக்கு அடியில், இன்னும் வேகமா. ஃப்ரிட்ஜில் வச்சால் மெதுவா. அந்த 'மேடு' எவ்வளவு உயரம் நிக்குதுன்னு அளந்து தரம் சொல்ற முறைக்கு ஹாக் யூனிட்னு பேரு, 1937-ல ரேமண்ட் ஹாக் என்கிறவர் கொண்டுவந்தது. அதுக்கு மைக்ரோமீட்டர் எல்லாம் இருக்கு. எங்கப்பாவுக்குக் கண்ணு போதும்.

"அப்ப நாளைக்கு காலேஜ் முட்டையில என்னங்கப்பா பண்றது?"

"ஒரு சட்டித் தண்ணியில போட்டுப் பாரு. அடியில படுத்துக் கெடந்தா புதுசு. ஒரு பக்கம் தூக்குனா ஒரு வாரம் ஆயிருக்கும். குத்த வச்சு நின்னா பழசு. மெதந்தா தூக்கி வீசிரு."

உள்ளே தண்ணி ஆவியாகப் போகப்போக, அகலமான முனையில் இருக்கிற காத்துப்பை பெரிசாகும். அதான் முட்டை எழுந்து நிக்குது. உள்ளே வெள்ளை நின்னால் முட்டை படுக்கும், வெள்ளை படுத்துட்டால் முட்டை நிக்கும்.

இந்த நேரத்தில் செல்போன் ஓனர் கையை நீட்டினான். "குடுடா, பண்ணையார் அப்பாகிட்ட நான் ஒரு ஹலோ சொல்றேன்." தடுக்கிறதுக்குள்ளே பிடுங்கிட்டான். "அங்கிள், உங்க பண்ணையில மொத்தம் எத்தனை கோழி அங்கிள்?"

ராத்திரி நேரம். அப்பா பேசினது எனக்கும் கேட்டது.

"அது மொதலாளியத்தான் கேக்கோணுமுங்க தம்பி. நான் அங்க முட்டை பொறுக்கறவனுங்க. பையன் அங்க நல்லாச் சாப்புடறானுங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சட்டியைப் பார்த்தேன். "நல்லா சாப்பிடறான் அங்கிள். நாங்க பார்த்துக்கறோம் அங்கிள்" என்று சொல்லி வச்சான். ரூமில் ஸ்டவ் சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரம் கழிச்சு, "அங்கிள் சொன்ன மாதிரி மிச்சத்தையும் தண்ணியில போட்டுப் பாரேன்டா" என்றான். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை இல்லை. அன்னிக்கு ராத்திரி மூணு பேரும் ஒரு பக்கெட்டைச் சுத்தி உட்கார்ந்து முட்டை நிக்குதா, படுக்குதான்னு பார்த்துக்கிட்டிருந்தோம். ஒண்ணுகூடப் படுக்கலை. எல்லாம் என்னைப் பார்த்து ஒரு பக்கம் தூக்கிக்கிட்டே இருந்தது.

பழைய முட்டைதான் இருக்குன்னா? அதுக்கும் ஒரு வழி அப்பவே கிடைச்சது. ஓடுற வெள்ளைதானே பிரச்னை? டீ வடிகட்டியில் முட்டையை உடைச்சு ஊத்தினோம். தண்ணியாட்டம் இருந்தது ஒழுகிப் போச்சு, மேலே கெட்டி வெள்ளையும் மஞ்சளும் மிச்சம். ஏதோ நாங்களே கண்டுபிடிச்சதா மூணு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். ஹெரால்டு மெக்கீ என்கிற அமெரிக்க எழுத்தாளர், சமையலுக்குப் பின்னால் இருக்கிற விஞ்ஞானத்தைப் பத்தி எழுதுற ஆள், ஓட்டைக் கரண்டியில் இதே வேலையைச் செய்யச் சொல்லியிருக்கார்னு பிறகுதான் தெரிஞ்சது. சரி, பெரிய ஆளுங்க எல்லாம் ஒரே மாதிரிதான் யோசிப்போம்!

மறுநாள் பிராக்டிகல். ஸ்டோர் ரூம் அட்டையில் இருந்து பத்து முட்டையை எடுத்து ஒரு பாத்திரத் தண்ணியில் போட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. செஃப் பக்கத்தில் வந்து, "வாட் ஆர் யூ டூயிங்?"

"செலக்டிங், செஃப்."

"ஹூ டாட் யூ?"

இதுக்குப் பதில் சொல்ல ஒரு புத்தகத்தின் பேரைச் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். எனக்குப் புத்தகம் எதுவும் தெரியாது என்பது வேற விஷயம். "மை ஃபாதர், செஃப். ஹி... ஹி இஸ் கலெக்டிங் எக்ஸ் இன் எ ஃபார்ம். நாட் ஹிஸ் ஃபார்ம். ஹி இஸ் எ ஒர்க்கர்" என்றேன். கிராமர் எப்படி இருந்ததோ, குரல் நடுங்கினது எனக்கே கேட்டது. நாலைந்து தொப்பிகள் இந்தப் பக்கம் திரும்பின. செஃப் ஒரு முட்டையைத் தண்ணியில் இருந்து எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டார். "கேரி ஆன்" என்றார்.

ரெண்டு முட்டை போட்டேன். ஒண்ணு அழகா வந்தது. இன்னொண்ணில் டென்ஷனில் நேரத்தை விட்டுட்டேன், மஞ்சள் கெட்டியாயிருச்சு. பத்துக்கு ஆறு. 'பண்ணையார்' என்று அதுக்கப்புறமும் கூப்பிட்டாங்கதான். ஆனால், அந்த ரெண்டு ரூம்மேட்ஸ் மட்டும் கூப்பிடலை.

இப்போ நான் வேலை பார்க்கிற ஓட்டலில் காலை டிபன் செக்‌ஷன். ஒருநாளைக்கு எத்தனை முட்டை ஊத்துறேன்னு கணக்கே இல்லை. கூட வேலை செய்கிற கொல்கத்தாக்காரரிடம் 'போச்' என்று சொன்னால் அரைவேக்காடு பொரிச்ச முட்டையை நீட்டுவார். அவங்க ஊரில் அதுக்குத்தான் 'போச்'. நம்ம போச்டு எக் வேணும்னா 'வாட்டர் போச்' என்று கேட்கணும். முதல் வாரம் இதில் ஒரு சண்டையே வந்தது.

நீங்க ரூமிலோ வீட்டிலோ செய்யணும்னா இவ்வளவுதான். அகலமான சட்டியில் மூணு நாலு விரல் உயரத்துக்குத் தண்ணி. கொதி வந்ததும் தீயைக் குறைச்சுடுங்க. அடியில் குட்டிக் குட்டிக் குமிழ் ஒட்டிக்கிட்டு இருக்கணும், மேலே தளதளக்கக் கூடாது. வெள்ளைக்கரு 62, 63 டிகிரியிலேயே கட்ட ஆரம்பிச்சுடும். அதுக்கு எதுக்கு நூறு டிகிரிக் கொதியும் ஆட்டமும்? 80, 85 இருந்தால் தாராளம். முட்டையை வடிகட்டியில் உடைச்சு ஊத்தி, ஓடுறதெல்லாம் ஓடினதும் கிண்ணத்துக்கு மாத்தி, கிண்ணத்தின் விளிம்பு தண்ணியைத் தொடுற அளவுக்கு இறக்கி நழுவ விடுங்க. உயரத்தில் இருந்து ஊத்துறது என்னை மாதிரி முட்டை வாங்குறவங்க வேலை.

வினிகர் ஒரு ஸ்பூன் விடலாம், புளிப்பு வெள்ளைக்கருவைச் சீக்கிரம் கட்ட வைக்கும். அம்மாவின் புளிக்குழம்பும் கொஞ்சம் அந்த வேலையைத்தான் செய்தது. ஆனால், முட்டையிலும் புளிப்பு ஏறும், மேல்தோல் கொஞ்சம் சொரசொரக்கும். புது முட்டைக்கு வேண்டவே வேண்டாம். தண்ணியைச் சுழட்டிவிட்டு நடுவில் ஊத்துற வித்தையும் உண்டு. பார்க்க ஸ்டைலா இருக்கும், ஒரு நேரத்தில் ஒரு முட்டைதான் போட முடியும். மூணு பேர் ரூமில் அடுத்த ரெண்டு பேர் அடிக்க வருவாங்க.

மூணு நிமிஷம். ஓட்டைக் கரண்டியில் தூக்கி விரலால் லேசா தொட்டுப் பாருங்க. வெள்ளை நிக்கணும், நடுவில் மெத்துன்னு இருக்கணும். துணியில் ஒத்தி எடுத்து உப்பு, மிளகு. பத்து பேருக்கு வேணும்னா முன்கூட்டியே செய்து ஐஸ் தண்ணியில் போட்டு ஃப்ரிட்ஜில் வச்சுக்கிட்டு, பரிமாறும்போது ஒரு நிமிஷம் வெந்நீரில் முக்கி எடுத்தால் போதும். கல்யாண விருந்துக்கு நாங்க செய்யறது இதுதான், வெளியே சொல்லிடாதீங்க. வீட்டில் கர்ப்பிணிகள், வயசானவங்க, சின்னக் குழந்தைகள், உடம்பு முடியாதவங்க இருந்தால் அவங்களுக்கு மட்டும் மஞ்சள் கெட்டியாகிற வரை விட்டுடுங்க. அரைவேக்காட்டு மஞ்சளில் சால்மோனெல்லா ரிஸ்க் உண்டு.

போன தடவை லீவில் ஊருக்குப் போனப்போ, தோசை மேலே ஒரு போச்டு எக் வச்சு அப்பாவுக்குக் கொடுத்தேன். அம்மா வழக்கம்போல "கொழம்பு ஊத்தட்டுங்களா?" என்று கரண்டியோடு நின்னார். அப்பா வேண்டாம்னு தலையாட்டிட்டு, தோசைத் துண்டால் நடுவில் குத்தினார். மஞ்சள் ஒழுகி தோசை மேல் பரவினது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். வெள்ளையை விரலால் ஓரமா தள்ளிப் பார்த்தார். ஒரு வாய் போட்டு மென்னார். நான் மார்க்குக்காகக் காத்துக்கிட்டு நின்னேன்.

"நேத்து முட்டை" என்றார்.